மலையைக் காட்டிச் செய்த சத்தியம்

பௌர்ணமிக்கு அடுத்த செவ்வாய், இரவு

காரின் இடது கதவு திறக்கவே இல்லை. நடக்க முடியாத அப்பாவை டிரைவர் பக்கமாக நுழைத்துத்தான் இன்றும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பௌர்ணமி கிரிவலத்தன்று அடி அண்ணாமலையில் நிறுத்தியிருந்த காரை ஒரு வேன்காரன் ரிவர்ஸில் வந்து இடித்தான். இறங்கியதும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மலை மேல சத்தியம்ணா, நானே சரி பண்ணித் தரேன். போலீஸ் மட்டும் வேணாம்ணா." சத்தியம் செய்தவன் முன்னால் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. வேன் நம்பரைக்கூடக் குறிக்கவில்லை. அவன் போன் நம்பரோடு வந்துவிட்டேன். மடையன்.

என் பாலிசியில் என் காருக்கு ஒன்றும் கிடைக்காது. இடித்தவனின் இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டுமாம். வேங்கிக்கால் ஆபீஸில் என் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான் அன்னிக்கு அந்தப் பக்கமே வரலியே சார்." அதே குரல்.

"பாத்தவங்க யாருனா இருக்காங்களா சார்?" என்றார் ஏஜென்ட். ஜன்னலில் மலை தெரிந்தது. பார்த்த சாட்சி அது ஒன்றுதான்.

"கோயிலுக்குப் போய் முறையிடலாமாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"எதுக்கு? அவன்தான் அன்னிக்கே கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டானே."