பழைய சிஸ்டம், புது சிஸ்டம், நாத்தனார்

செப்டம்பர் 12
கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து தலை துவட்டியும் அது விழித்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும். ஸ்கேன் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஒன்பது வருடமாக இதில்தான் தட்டச்சு செய்கிறேன். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம்: பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்து வேலை வராதாம். பாதுகாப்பு போதாதாம். நன்றாக ஓடுவதை எதற்கு நோண்ட வேண்டும்?

செப்டம்பர் 14
என் பயம் வேறு. 'கசீஇ' என்று அடித்தால் 'கல்லீரல் சீரான அளவில் இருக்கிறது' என்று முழு வரியும் வந்து நிற்கும். இப்படி ஆயிரத்துத் தொள்ளாயிரம் சுருக்கங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். சிஸ்டத்தை மாற்றும்போது அவை போய்விட்டால் ஒரு நாளைக்கு இருபது அறிக்கை முடியாது. இருபது முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தங்கச்சியையே கூப்பிடேன்" என்கிறார் இவர். நாத்தனார் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக "மாத்துங்க அண்ணி, மாத்துங்க அண்ணி" என்று என் உயிரை எடுப்பவள். அவளிடமா போய் நிற்பது?

செப்டம்பர் 20
போய் நின்றேன்.

செப்டம்பர் 21
வந்தாள். "எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டீங்களா அண்ணி?"

"எடுத்தாச்சு. நான் என்ன சின்னக் குழந்தையா?" திரையில் இருந்த எல்லாவற்றையும் நேற்றே பென் டிரைவில் போட்டிருந்தேன். அவள் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள்.

மாலையில் பென் டிரைவைத் திறந்தால் — வெறும் அம்புக்குறி போட்ட சின்னப் படங்கள். கோப்புகளுக்குப் போகும் வழியைத்தான் காப்பி எடுத்திருக்கிறேன், கோப்புகளை அல்ல. வீட்டைக் காலி செய்தபோது பெயர்ப்பலகையை மட்டும் தூக்கி வந்த மாதிரி. ஒன்பது வருஷம். போச்சு. எல்லாம் போச்சு.

"உன்னாலதான்! நான் பாட்டுக்கு இருந்தேன்" என்று கத்திவிட்டேன். அவள் அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. "நானும் ஒருதடவ தொறந்து பாத்திருக்கணும் அண்ணி" என்றாள். தப்பு என்னுடையது. வாய் திறந்து சொல்ல வரவில்லை.

செப்டம்பர் 23
நேற்று ஏழு அறிக்கைதான்.

இன்று காலை கடையைப் பூட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "யோசிக்காதீங்க. எப்பவும்போல அடிங்க. விரல் தானா என்ன அடிக்குதோ அத நான் எழுதிக்கறேன்."

ஆச்சரியம்! உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. டாக்டரின் குரல் காதில் விழுந்ததும் விரல் தானாக 'கசீஇ' என்று அடிக்கிறது. அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, முழு வரியையும் என்னிடம் கேட்டு எழுதி, மாலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் போனாள். அறுபத்தெட்டு சுருக்கங்கள். அவள் கடை இன்று முழுக்க மூடிக் கிடந்தது.

செப்டம்பர் 27
ஐந்தாம் நாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. நேற்றிலிருந்து புதிதாக ஒன்றுகூட வரவில்லை. அப்படியென்றால் மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்?

"அதெல்லாம் நீங்க தொடவே இல்ல அண்ணி. சும்மா காவல் காத்திருக்கீங்க."

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் சொல்லியும் விட்டேன்: "அன்னிக்குக் கத்தினத மனசுல வச்சுக்காத. தப்பு என்னோடதுதான்."

"தெரியும்" என்றாள், நோட்டிலிருந்து தலை நிமிராமல்.

அக்டோபர் 1
வேலை வந்தது. பதினெட்டு.

அக்டோபர் 6
இருபத்திரண்டு. ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. மாற்றியதில் லாபமா என்று கேட்டால் — எழுத்து பெரிதாகத் தெரிகிறது, கண் எரிவதில்லை. இருந்த இடத்தில் இல்லாத பொத்தான்களைத் தேடி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் லாபம்தான்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். "என்ன அண்ணி, எது கெட்டுப்போச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணும் கெடல. சும்மாதான் கூப்பிட்டேன்."

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவளைச் சும்மா கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "இருங்க, கதவச் சாத்திட்டு வரேன், இங்க ஒரே இரைச்சல்" என்றாள். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.