சபைச் சோளத்துக்கு இரண்டு வாளி

மார்ச் 2

என் அக்கா பெற்ற அறிவாளிக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் என்னோடு பேசுவதில்லை. விவசாயக் கைத்தொழில் சபையின் ஐம்பது வருஷச் சரித்திரத்தை நீ எழுதுகிறாயாமே? என்னைக் கேட்காமலா? அங்கே நாற்காலி துடைத்தவனம்மா நான். நான் தலையாட்டினால்தான் தலைவரே உட்காருவார். புதுமாதிரிக் கலப்பையைக் கழற்றிவிட்டு நாலு பேராசிரியர்கள் முழித்தபோது, கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டிக் கொடுத்தேன். மூன்று திருகாணி மிச்சம்! அவ்வளவு சிக்கனம்.

அப்புறம் அந்தப் பெரிய சோதனை. தண்ணீரே விடாமல், சபையாரின் உரத்தூளிலேயே சோளம் விளைந்ததே, அதற்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். வாடி நின்றது, பார்க்கப் பொறுக்கவில்லை. அய்யாமார் வீட்டுக்குப் போனதும் தினம் இரண்டு வாளி.

என் படத்தைப் பெரிதாகப் போடு.

உன் மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமா,

திருகாணி வரை சிரித்தேன். சோளத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சபையின் முத்திரையிலேயே அந்தக் கதிர்தான் இருக்கிறது. முதல் அத்தியாயமும் அதுதான். செயலாளரிடம் சொன்னேன். “உங்க மாமா விடுற கதை ஊருக்கே தெரியுமேம்மா. அதைத் தூக்கிப் போடு. இல்லன்னா வேற ஆளை வெச்சு எழுதிக்கிறோம்” என்றார்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை மாமா இது. உண்மையைச் சொல்லுங்கள். ஊற்றினீர்களா?

உங்கள் மருமகள்

மார்ச் 15

அடி பைத்தியமே,

வேலைக்கே ஆபத்து என்று முதலிலேயே சொல்லக்கூடாதா? ஊற்றவில்லை! வாளியைத் தொட்டதுகூட இல்லை. அந்த வருஷம் நான் ஊரிலேயே கிடையாது. தலைவரோடு கப்பலில் விதை வாங்கப் போயிருந்தேன். நடுக்கடலில் மாலுமிக்குக் காய்ச்சல். கப்பலைக் கரை சேர்த்தது யார் என்கிறாய்? செயலாளர் நல்ல மனுஷன், அவர் சொல்வதைக் கேள். என் படமும் வேண்டாம்.

மாமா

மார்ச் 21

மாமா,

ஊற்றியதை ரெண்டே வரியில் எழுதிவிட்டீர்கள். ஊற்றாததற்குக் கப்பல் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த இரண்டு வாளியோடுதான் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். நேற்றே செயலாளர் என் மேஜைச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீங்களே போய்ச் சொல்லுங்கள். கொஞ்சம் ஜோடித்துச் சொன்னாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகள்