மலையடி விடுதிக்கு நான் கீறிய பிளான்

5 பெப்ரவரி 1994, சனி

மைனஸ் பதினெட்டு. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமும் ஐஸ்.

முதலில் இதை எழுதி வைக்கிறேன். இன்று என் மகன் ரமணன், நான் பெயின்ற் அடித்துக் கொடுத்த பேஸ்மென்றில் கூட்டம் வைத்து, கட்டடம் கட்டுவது பற்றிப் பேசினான். வாழ்நாள் முழுக்கக் கட்டடம் கட்டிய என்னை மேலே அனுப்பிவிட்டான். இது அநியாயம். வேறு சொல் தேடவில்லை.

சொன்ன விதம்: "அப்பா, நீங்கள் மேல போய் ரீவி பாருங்கோ. இது பிஸ்னஸ் கதை."

ரீவியில் ஹொக்கி. எனக்கு ஹொக்கி!

வந்தவர்கள் இரண்டு பேர். தேவன், ரமணனின் கூட்டாளி, பலசரக்குக் கடை வைத்திருப்பவன். மற்றவன் குகன், இஞ்சினியர், பிறம்ரனில் இருந்து வந்தான். கையில் நீளக் குழாய், அதற்குள் பிளான்.

இந்த நாட்டு வீட்டில் ஒரு நன்மை. உலை கீழே, சூடு குழாய் வழியாக மேலே. சூடு வரும் வழியால் கதையும் வரும். குசினித் தரையில் உள்ள ஓட்டைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டேன். மகேஸ் வெங்காயம் உரித்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, காது அவியப்போகுது" என்றாள். மனைவி சொல்லும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

கேட்டு விளங்கியது: வடக்கே இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம், பனிச்சறுக்கு மலை ஒன்று. சொந்தக்காரன் கோர்டன் என்ற வெள்ளைக்காரக் கிழவன். அடிவாரத்தில் பழைய மோட்டல், பழைய சாப்பாட்டுக் கொட்டகை. இரண்டையும் விட்டுப் புதிதாக விடுதியும் அடிவாரக் கட்டடமும் கட்ட வேண்டும். இவர்கள் கூட்டுச் சேரப் போகிறார்கள். எங்கடை சனம் பனிக்காலத்தில் போய்த் தங்கும் என்று யோசனை. வாற சனி மலைக்குப் போய்க் கோர்டனுக்குக் குகனின் பிளானைக் காட்டுவார்கள்.

தேவன்: "அங்கிளையும் கூப்பிட்டிருக்கலாம், என்ன?"

ரமணன்: "அப்பாவை விட்டால் அத்திவாரத்தில துவங்கிக் கூரை வரைக்கும் குற்றம் சொல்லுவார். அவர் ஊரில வீடு கட்டினவர். இது ஸ்கீ ரிசோட்."

குகன் சிரித்தான். சிரித்ததைக் குறித்துக்கொண்டேன்.

பிளான்: நாற்பது அறை. அறைக்கு இரண்டு கட்டில். ஒரு றெஸ்ரோரன்ற். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது.

வெளிச் சாப்பாடு கூடாதாம். எங்கடை சனத்துக்கு!

கோபமோ சந்தோசமோ தெரியவில்லை. ரொறன்ரோ வந்த பிறகு என் கை இப்படித் துடித்ததில்லை. பென்சில் எங்கே?

6, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். கோயிலுக்குப் போகவில்லை.

தாள் இல்லை. சுவரில் ஒட்டி மிஞ்சிய பூக்காகிதச் சுருள் கிடந்தது. பின்பக்கம் நல்ல வெள்ளை. சுருண்டு சுருண்டு வந்தது, நாலு மூலைக்கும் பாரமாக நாலு ரின்மீன். மகேஸ்: "மத்தியானத்துக்கு ஒரு ரின் வேணும். எந்த மூலையை எடுக்க?" தென்கிழக்கு மூலையைக் கொடுத்தேன்.

நான் கொலீஜில் படிக்கவில்லை. வவுனியாவில் ஓவசியர் ஒருவருக்கு அளவுநாடா பிடித்தேன். அவர் கீறுவதைப் பார்த்தேன், பிறகு நானும் கீறினேன். சங்கக்கடை, பள்ளிக்கூட மண்டபம், கலியாண மண்டபம், எத்தனையோ வீடு. ஒன்றும் தானாக விழவில்லை. விழுத்தியவர்கள் வேறு.

இந்த மலையை எனக்குத் தெரியும். மார்கழியில் மோர்னிங்சைட் பக்கத்து எங்கடை ஆட்களோடு வான் பிடித்துப் போனோம். கொட்டகை வாசலில் பலகை: வெளிச் சாப்பாடு கூடாது. எல்லோரும் வானுக்குள் ஏறி, கதவைப் பூட்டி, புட்டும் இறால் குழம்பும் சாப்பிட்டோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து புகார். உள்ளே ஏதோ எரிகிறதென்று காவலாளி ஓடிவந்து தட்டினான். தேவனின் மாமி கண்ணாடியை இறக்கி அவனுக்கும் ஒரு பிடி நீட்டினா. வாங்கித் தின்றான்.

மோட்டலில் தங்கத்தான் போனோம். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கக் கூடாது, மூன்று அறை எடுங்கள் என்றார்கள். தாய் ஓர் அறை, பிள்ளைகள் வேறு அறையா? ஒரு குடும்பமும் சம்மதிக்கவில்லை. எல்லோரும் அன்றே திரும்பினோம். ரமணனும்தான் வந்தான். பார்த்தான், ஆனால் பார்க்கவில்லை.

என் பிளான், முதல் கீறல்:

படுக்க — குடும்பத்துக்கு ஒரு பெரிய அறை. வயது போனவர்களுக்குக் கட்டில், மற்றவர்களுக்குக் கீழே மெத்தை.

சமைக்க — பொதுக் குசினி. பெரிய அடுப்பு, ஆழமான தொட்டி, புகை போக நல்ல வழி.

அடிவாரக் கட்டடம் — ரிக்கற், சப்பாத்து வாடகை, கக்கூஸ் எல்லாம் ஒரே தளம். இப்போது கக்கூஸ் படிக்குக் கீழே. அந்தச் சறுக்குச் சப்பாத்தோடு இறங்குகிறவர்கள் கால் முறிந்து இரண்டு காலுக்கும் பத்துப் போட்டவர்கள் மாதிரி.

சறுக்காதவர்கள் இருக்க — முக்கியம். எங்களில் பாதிப்பேர் சறுக்கமாட்டோம். விழுகிறவர்களைப் பார்ப்போம். அவர்களுக்கொரு மண்டபம், தேத்தண்ணி.

மேற்குப் பக்கம் — முழுச் சுவர். ஜன்னல் இல்லை. பின்னேர வெயில் முகத்தில் அடிக்கும்.

நல்லாய் வந்திருக்கிறது. பசி தெரியவில்லை.

8, செவ்வாய்

பனி கொட்டுகிறது. வாசலை மூன்று தரம் வழித்தேன்.

வேலையால் வந்த ரமணனுக்குச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினேன். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பார்த்தான்.

"அப்பா, ஒட்டுக் கேட்டனீங்களோ?"

"சூடு காய்ஞ்சனான்."

"இது கனடா அப்பா. பெர்மிட், கோட் எண்டு ஆயிரம் இருக்கு."

"அதுக்குத்தானே குகன். நான் ஆர் எங்க படுக்கிறது எண்டு சொல்லுறன்."

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். குசினியில் விரலை வைத்தான். மண்டபத்தில் வைத்தான். எனக்கு நெஞ்சு அடித்தது, வயது போனவனுக்கு வெட்கம் கெட்ட அடிப்பு. பிறகு கேட்டான்:

"மேற்குப் பக்கம் ஏன் ஒரு ஜன்னலும் இல்லாமல் மறியல்வீடு மாதிரி?"

"வெயில்."

சிரித்தான். தகப்பன் கீறியதைப் பார்த்துச் சிரித்தான். "இஞ்ச ஆர் அப்பா வெயிலுக்கு ஓடி ஒளிக்கிறது?"

தாளைச் சுருட்டினேன். சாப்பிடவில்லை. மகேஸ், "தகப்பனும் மகனும் ஒரே அச்சு, அடிச்சாலும் வளையாது" என்று கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சாப்பிட்டேன், அது வேறு கதை.

மேற்குச் சுவரை மாற்றமாட்டேன்.

10, வியாழன்

பனி விட்டது. முழங்கால் நோ.

தேவன் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கினான். போகாமல் நின்று சுருளைப் பார்த்தான். ரமணன் சொல்லியிருக்க வேண்டும்.

"அங்கிள், சனிக்கிழமை வானில ஒரு இடம் இருக்கு. வாங்கோவன்."

"ரமணன் சொன்னவனோ?"

"நான் சொல்லுறன். ஆனா ஒண்டு, கோர்டனுக்கு முன்னால வாய் திறக்கக் கூடாது."

வாறன் என்றேன். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிழமை முழுக்க இருந்த நோ போய்விட்டது. பின்னேரம் வரை மண்டபத்து வாசலை மாற்றி மாற்றிக் கீறினேன். பென்சில் கட்டையாகிவிட்டது.

மகேஸ்: "கலியாணப் பேச்சு நடந்தபோதும் இப்படி முழிச்சுக்கொண்டு திரியேல்லை."

12, சனி

போய் வந்தாயிற்று. எல்லாம் எழுத வேண்டும்.

தேவன் கடை வேலை முடித்து வர, மத்தியானத்துக்குப் பிறகுதான் மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரமணன் ஓட்டினான். முழு வழியும் என்னோடு ஒரு கதை இல்லை. குகன் மட்டும் என் மடியில் இருந்த சுருளைப் பார்த்து:

"உதென்ன அங்கிள், பூக்காகிதமோ?"

"உம்மட குழாய்க்குத் தமையன்."

தேவன் சிரித்த சிரிப்பில் வான் ஆடியது.

கோர்டன் வாசலில் நின்றான். சிவப்பு ஜாக்கெற், கரடிக் கை. கை குலுக்கும் சாட்டில் என் விரலை நெரித்தான். கந்தோருக்குள் குகன் பிளானை விரிக்க, நான் காணி பார்க்க வெளியே வந்தேன். கட்டுகிறவன் முதலில் காணியைத்தான் பார்க்க வேண்டும்.

கொட்டகையின் மேற்குச் சுவரோடு ஒரு வரிசைக் கதிரை. நிறைய வெள்ளைக்காரர், ஜாக்கெற்றைத் திறந்துவிட்டு, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு. அந்தக் குளிரில்! ஒரு கிழவி கையுறையைக் கழற்றி உள்ளங்கையையும் காட்டினா. நானும் சுவரோடு போய் நின்றேன். முகம் எரியவில்லை. இதமாக இருந்தது. தேவைக்கு மேலேயே நின்றேன்.

பிறகு வானின் முன்பக்கத்தில் சுருளை விரித்து மேற்குச் சுவரில் ஆறு ஜன்னல் வைத்தேன். பெரியவை.

பிழை விட்டேன் என்று எழுதமாட்டேன். எங்கடை ஊர் வெயிலுக்கு அந்தச் சுவர் சரி. இது வேறு வெயில்.

உள்ளே போனேன். கோர்டன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை ரமணன் எனக்குச் சொல்லவில்லை, தேவன்தான் காதுக்குள் சொன்னான்: வடிவான பிளான், ஆனால் அடுத்த மலையிலும் இதேதான் இருக்கிறது. மார்கழியில் வானுக்குள் இருந்து சாப்பிட்ட உங்கள் ஆட்கள் ஏன் தங்காமல் போனார்கள்?

ரமணன் குகனைப் பார்த்தான். குகன் பிளானைப் பார்த்தான்.

தேவன் என் கையில் இருந்த சுருளை இழுத்து மேசையில் விரித்தான். அவசரத்தில் பூப்பக்கம் மேலே. கோர்டன் ரோசாப்பூக்களைப் பார்த்து, மிக நல்லது என்று மரியாதையாகத் தலையாட்டினான். தேவன் திருப்பிப் போட்டான்.

கோர்டன் கண்ணாடியைப் போட்டான். குனிந்தான். கனநேரம் குனிந்தே இருந்தான். யார் கீறியது என்று கேட்டான்.

ரமணன் இங்கிலீசில்: "எங்கள் குழு."

திரும்பவும் நான் இல்லை! எழும்பினேன்.

"நோ. மீ. ஐ டிறோ. ஒன்லி மீ."

ரமணனின் காது சிவந்தது. கோர்டன் தன் பக்கத்துக் கதிரையைக் காலால் இழுத்து என்னைக் காட்டினான். இருந்தேன்.

பிறகு கேள்வி மேல் கேள்வி. ஏன் மெத்தை கீழே? குசினி தீப்பிடித்தால்? நான் தமிழில் சொல்ல ரமணன் இங்கிலீசில் சொன்னான். என் சொல்லை வெட்டவில்லை, தன்னுடையதைச் சேர்க்கவில்லை. ஜன்னல்களைக் கண்டான். ஒரு கணம் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு ஒரு புள்ளி.

கோர்டனின் முடிவு: உடனே கட்டமாட்டான். பங்குனிப் பள்ளி விடுமுறைக்குப் பழைய மோட்டலின் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு அறையை இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறாக்குவது, பழைய உடுப்புத் தோய்க்கும் அறையைக் குசினியாக்குவது. உங்கள் சனம் வந்து நிரப்பினால், இந்தப் பிளான்படி புதிதாகக் கட்டலாம். நிரப்பாவிட்டால் காணியை வேறு ஆட்கள் கேட்கிறார்கள்.

"நடுச்சுவரை நாளைக்கே உடைக்கலாம்" என்றேன்.

குகன்: "இல்லை அங்கிள். கூரையைத் தாங்குறது உந்தச் சுவர்தான். மேல நிக்கிற பனி என்ன பாரம் எண்டு தெரியுமோ?"

தெரியாது. வெளியே கூட்டிப்போய் பனி வழிக்கும் சவளால் பழைய பனியில் ஒரு அள்ளு அள்ளித் தந்தான். ஈர மணல் மாதிரிக் கனம். விழும்போது பஞ்சு! ஊரில் கூரையில் காகத்தைத் தவிர ஒன்றும் நின்றதில்லை.

சரி, உத்தரம் போட வேண்டும். இரண்டு பேருமாக அளந்தோம். நாடாவின் நுனியை அவன் பிடித்தான், நான் வாசித்தேன். மடையன் இல்லை. சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

தான் நல்ல தாளில் கீறி முத்திரை குத்தித் தருவதாகச் சொன்னான்.

"என்ரை பெயரும் வரவேணும்."

"அங்கிள், லைசென்ஸ் உள்ள ஆளின்ரை பெயர்தான்..."

"முத்திரை உம்மடை. கீறினது ஆர் எண்டு எழுத லைசென்ஸ் வேண்டாம்."

யோசிக்கிறேன் என்றான்.

வரும் வழியில் ரமணன் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அப்பா, குசினிக்கு எத்தனை அடுப்பு?" என்றான். வீடு வரும் வரை கதைத்தோம்.

13, ஞாயிறு

மூட்டம். மைனஸ் ஐந்து, வெக்கை என்று சொல்லலாம்.

மகேசுக்குக் குசினியைக் காட்டினேன். தொட்டியின் உயரத்தைக் கேட்டேன். "லீவுக்கு மலைக்குப் போயும் நாங்கள்தானோ நிண்டு அவிக்கிறது? நான் வரமாட்டன். ஒரு பொம்பிளையும் வராது." தொலைபேசியில் தேவனின் மாமியும் அதையே சொன்னாவாம். இது என் மண்டையில் வரவில்லை. பொம்பிளைகள் வராவிட்டால் குடும்பம் வராது, குடும்பம் வராவிட்டால் காணி போச்சு. சமைக்கிற ஆட்களை மாற்றியாயிற்று.

பங்குனிக்குள்:

ரமணன் — பெர்மிட் கந்தோர், நாளைக்கே. குசினிக்குத் தீயணைப்பு ஆட்களின் சம்மதம். என்னையும் கூட்டிப்போக வேண்டும்.

தேவன் — கடைவாசலில் அறிவித்தல். குடும்பம் குடும்பமாகப் பெயர் எடுக்க. விட்பிப் பக்கத்து ஆட்களையும் விடக்கூடாது. பெரிய சட்டி நாலு.

சமையல் — ஆம்பிளைகள். முதல் நாள் ரமணனும் தேவனும். இரண்டாம் நாள் நான், பருப்பு மட்டும். அறிவித்தலில் இதைப் பெரிய எழுத்தில் போட.

மகேஸ் — பிறகு கட்டப்போகும் மண்டபத்தில் மேற்கு ஜன்னலோடு எந்தக் கதிரை வேண்டும் என்று சொன்னால் போதும்.

கோர்டன் — 'வெளிச் சாப்பாடு கூடாது' பலகையைக் கழற்ற. தன் கையால். ரமணன் இதை அவனுக்கு மரியாதையாகச் சொல்ல.

நான் — ஆறு அறைக்கும் வாசல், மெத்தை அடுக்கும் இடம், சப்பாத்துத் தட்டு கீற. பனிப் பாரம் படிக்க.

குகன் — உத்தரத்தின் கணக்கு. பனிப் பாரத்துப் புத்தகம் எனக்கு இரவல் தர. பிளான் நல்ல தாளில், மூலையில் என் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. அவனுடையதற்குக் கீழே அல்ல, பக்கத்தில், அதே அளவு எழுத்தில். வெள்ளிக்குள். வராவிட்டால் சனி காலை பஸ் எடுத்துப் பிறம்ரனுக்கு நானே போவேன்.