பின்னால் சுவர் உள்ள கதவு

அனுப்புநர்:
ஹெஸ்டர் தர்லோ,
7, பார்க் லேன்,
வெல்ஹாம் பார்வா, நார்ஃபோக்.

பெறுநர்:
மரபுக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர்,
மாவட்ட மன்றம்.

பொருள்: 7, 8 எண் வீடுகளின் முகப்பிலுள்ள பொய்க்கதவிலிருந்து தட்டுவளையத்தை நீக்கவும், பக்கவாசல்களைக் காட்டும் எண் பலகை வைக்கவும் அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் இரண்டு செங்கல் வீடுகளும் ஒரே வீடாகத் தோன்றும்படி கட்டப்பட்டவை. இந்த வீடுகளைக் கட்டிய எஸ்டேட்டின் மாளிகைக்குப் போகிறவர்களின் பார்வைக்காக நடுவில் ஒரு கதவு வைத்தார்கள். அதன் பின்னால் இருப்பது சுவர். நாங்கள் புழங்குவது பக்கவாசல்களில். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

2. முகப்பின் மூலையில் எண் பலகை வைக்கச் சென்ற ஆண்டு விண்ணப்பித்தேன். சமச்சீர் கெடும் என்று தங்கள் அலுவலகம் மறுத்தது. நான் கட்டடக்கலை வரலாறு படித்தவள். அந்த வாதம் எனக்குப் புரிந்தது. மேல்முறையீடு செய்யவில்லை.

3. ஆகஸ்டில் ஒரு பிற்பகல் என் கணவர் கிளைவ் சமையலறையில் மயங்கி விழுந்தார். அவசர உதவி எண்ணில் பேசியவர் சொன்னபடி அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தேன். எழுந்து போக வழியில்லை. வெளியூர் ஆம்புலன்ஸ்காரர்கள் நடுக்கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கவாசல் என்று நான் சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எட்டாம் எண்ணில் வசிக்கும் ரோவெனா பிக்கெட் கடையிலிருந்து திரும்பியபோது பார்த்து அழைத்து வந்தார். தாமதம் இல்லாவிட்டால் கிளைவ் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

4. வந்தவர்களில் ஒரு பெண் பிறகு என்னிடம், "வளையம் பளபளன்னு இருந்துச்சு மேடம். தினமும் பொழங்குற கதவுன்னு நெனச்சுட்டோம்" என்றார். அதைச் சனிக்கிழமைதோறும் துலக்கியவர் கிளைவ். எஸ்டேட் வீடுகளில் அது வழக்கம். இப்போது யாரும் துலக்குவதில்லை. ஆனாலும் இரங்கல் மலர்களைச் சிலர் அதன் முன்தான் வைத்துவிட்டுப் போனார்கள்.

5. ரோவெனாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். "வலி வந்தா நானே போய் ரோட்ல நின்னுக்கறேன், ஹெஸ்டர்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

கதவு இருக்கட்டும், சமச்சீரும் இருக்கட்டும். வளையத்தைக் கழற்றவும் பலகை வைக்கவும் மட்டும், அவருடைய பிரசவத்துக்கு முன்பாக, அனுமதி அளிக்க வேண்டுகிறேன்.

தாங்கள் பார்வையிட வந்தால் பக்கவாசலுக்கு வாருங்கள். நடுக்கதவைத் தட்டினால் சமையலறைக்குக் கேட்காது. அன்றும் கேட்கவில்லை.

இடம்: வெல்ஹாம் பார்வா
நாள்: 14.10.2019

இப்படிக்கு,
ஹெஸ்டர் தர்லோ