இடது கையால் போட்ட ஓட்டு

டச்சு ஹார்பர், அலாஸ்கா

அன்புள்ள அம்மா,

டயாலிசிஸ் முடிந்ததும் கால் வீக்கம் வடிகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. நண்டு ஆலையில் ஒரு தட்டு வலது கைமேல் சரிந்தது. சின்ன எலும்பு முறிவுதான், கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நீ அனுப்பிய தபால் ஓட்டின் உறையில் இடது கையால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலைங்க."

"நான்தாங்க போட்டேன்! கை உடைஞ்சிருக்கு!"

"அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்? திருத்துற படிவம் உங்க வீட்டுக்குப் போயிருக்கு. இருபதாம் தேதிக்குள்ள கையெழுத்தாகி வரலைன்னா ஓட்டு செல்லாது."

உனக்குப் போனில் காது கேட்காதே, அதனால்தான் எழுதுகிறேன். படிவத்தை உடனே விரைவுத் தபாலில் எனக்கு அனுப்பு. நீயே என் பெயரைப் போட்டுவிடாதே; எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த நீ போட்டால் அச்சு அசலாக ஒத்துப்போகும், ஆனால் ஜெயில்.

நம் ஊர் ஆஸ்பத்திரியை நடத்துவதற்கான வரி போன முறை வாக்கெடுப்பில் நாலே ஓட்டில் தோற்றது. இந்த முறையும் தோற்று ஆஸ்பத்திரியை மூடிவிட்டால், பனியில் மலை தாண்டி உன்னை டயாலிசிஸுக்கு யார் கூட்டிப்போவார்கள்? கெஞ்சிக் கேட்கிறேன் அம்மா, தாமதிக்காதே.

கூடவே உன் கம்பளிக் கையுறை ஒன்றை வை. இடது மட்டும் போதும். துவைக்காமல் அனுப்பு.

ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். கீழே இருக்கும் கையெழுத்தைப் பார்த்து, இது என் மகள் இல்லை என்று நீயும் சொல்லிவிடாதே.

உன்
டிரெஸ்ஸா