உன் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு

என் செல்லத் தங்கை நளினிக்கு,

அடையாறு வீட்டில் எல்லாரும் நலம், உன் கணினியும்தான். நேற்று மட்டும் அது என்னைப் படாதபாடு படுத்திவிட்டது.

ஓய்வுபெற்ற பிறகு, பார்வையற்ற பிள்ளைகளுக்காக நாம் பாடங்களை வாசித்துப் பதிவு செய்தோமே? அவற்றை வரிசை மாறாமல் பென்டிரைவில் ஏற்ற நீ பைத்தானில் எழுதிய நிரல்தான் இன்றும் கைகொடுக்கிறது. பதிவுகள் இருந்த kural என்ற ஃபோல்டருக்கு ஆசையாக உன் பெயரை வைத்தேன். நிரலிலும் மாற்றினேன். உடனே நின்றுவிட்டது!

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி செல்வி, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரசுத் தேர்வு. வரலாற்றுப் பாடங்கள் இல்லாமல் எப்படிப் போவாள்?

"இன்னா டீச்சர், நளினி டீச்சர் கோச்சிக்கினாங்களா?"

"பேரு வச்சது பிடிக்கலை போல."

நீதான் எதிலும் உன் பெயரைப் போடவிடமாட்டாயே! பழைய பெயரையே வைத்துவிடட்டுமா என்று செல்வியிடம் கேட்டேன்.

"வாணாம் டீச்சர், அவங்க பேரு இருக்கட்டும். நான் குந்திக்கினு கீறேன், நீங்க பாருங்க."

கோப்புப் பாதையைத் திரையில் காட்ட நிரலிடம் சொன்னேன். d:\padam\nalini என்று நான் எழுதியது இரண்டாக உடைந்து, கீழ்வரியில் alini என்று நின்றது. n எங்கே?

வகுப்பில் தனித்தனியே சாதுவான இரண்டு பிள்ளைகள், ஒட்டி உட்கார்ந்தால் என்ன ஆவார்கள்? அதே கதைதான். உன் பெயருக்கு முன்னால் இருந்த அந்தச் சாய்கோடு, பழைய kural-இன் k-யோடு சேர்ந்தபோது வம்பு செய்யவில்லை. n-ஓடு சேர்ந்ததும், 'அடுத்த வரிக்குப் போ' என்ற கட்டளையாகிவிட்டது.

நாம் வகுப்பில் செய்வதையே செய்தேன். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சாய்கோட்டை உட்காரவைத்தேன். ஓடியது!

செல்வி இயர்போனில் முதல் பாடத்தைப் போட்டுப் பார்த்தாள். கலகலவென்று சிரித்தாள். என்னவென்று நானும் வாங்கிக் கேட்டேன். உன் குரல்.

"அக்கா, மொதல்ல அந்த ஃபேனை நிறுத்து. புயல் அடிக்கிற மாதிரி கேக்குது."

இதை வெட்டாமலா விட்டுவைத்திருந்தாய்?

"இத்த மட்டும் அழிச்சிடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.

அழிக்கமாட்டேன். நீ கண்மூடியபோது விட்டுச்சென்ற மீதிப் பாடங்களை நானே வாசித்து முடிக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான், சத்தியம்.

வியர்க்க விறுவிறுக்க,
உன் அக்கா