மைக்ரோமீட்டரில் சந்தனம்

ஓசூர், விஜயதசமிக்கு மறுநாள்.

தலை வெடிக்கிறது. காலையில் லேத்தில் கடைந்த பின்களின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து கட்டுப்பாட்டு அட்டையில் புள்ளி வைத்தேன். இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால்தான் லேத் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அத்தனையும் மேல்கோட்டைத் தாண்டி நின்றன. ஃபோர்மேன் ரங்கப்பா என்னைக் கேட்காமலே, பின் இன்னும் மெலிதாக வர, வெட்டும் டூலை உள்ளே தள்ளினார். புள்ளிகள் இறங்கின. "பாத்தீங்களா சார், மிஷினு அடங்கிருச்சு" என்று சிரித்தார்.

மத்தியானம்தான் மைக்ரோமீட்டரை வெளிச்சத்தில் பிடித்தேன். அளக்கும் வாய்க்குள் பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது! அதன் கனத்தையும் சேர்த்து அளந்திருக்கிறோம். நல்ல பின்களைக் கழிவில் கொட்டிவிட்டு, இளைத்ததையெல்லாம் பெட்டியில் அடுக்கியாயிற்று. விடிந்தால் பெங்களூர் லாரி வந்துவிடும்.

"சாமிக்கு வெச்சது சார், தொடைக்காதீங்க" என்று ரங்கப்பா கையைப் பிடித்தார். துடைத்தேன். திரும்ப அளந்தால் புள்ளியெல்லாம் கீழ்க்கோட்டுக்கும் கீழே.

மனுஷர் மேனேஜரையே கூட்டிவந்து அட்டையைக் காட்டினார். "சந்தனம் இருந்த வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடுச்சு. இவுரு தொடைச்சாரு, மிஷினு கெட்டுப்போச்சு."

மேனேஜர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாளைக்குச் சந்தனம் அரைத்து எடுத்துவரச் சொல்லிவிட்டார். என்னை!